தட்டிப் பார்த்த கப்பல்

பங்காரப்பேட்டையில் வண்டி மாறினால், எங்கள் ஊர்ப் பாதையில் கோரமண்டல் என்று ஒரு ஸ்டேஷன் வரும். கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பம். சோழமண்டலக் கரையைத்தான் வெள்ளைக்காரன் நாக்கு சுளுக்கிக் கோரமண்டல் ஆக்கினான். குப்பம் என்றால் மெட்ராஸில் மீன்காரர் ஊர். போதாததற்கு, ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் கேப்டன்கள் உலவினார்கள். ஆக, கோலார் தங்கவயலில் கரை உண்டு, குப்பம் உண்டு, கேப்டன் உண்டு. கடல்தான் இல்லை. அதைப் பார்க்க மலை இறங்கி மெட்ராஸுக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் போய் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, ஒரு பாய்மரப் படகு வாங்கலாம்னு இருக்கேன். அம்பது அடி. நானும் அவளும் ரெண்டு பேரா உலகத்தைச் சுத்தி வரலாம்னு பிளான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் இருப்பது ஆஸ்திரேலியாவில். கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயசில் பேத்தமங்கலம் ஏரிக்குக் கூட்டிப்போனால் தண்ணீரைப் பார்த்து என் வேட்டியைப் பிடித்துக்கொள்வான். இப்போது பசிபிக் சமுத்திரம் கேட்கிறது.

"என்னை ஏண்டா கேக்கறே?" என்றேன்.

"தாத்தா சுரங்கத்துல டிம்பர் வேலை பார்த்தாரில்ல? உங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க."

அக்காவின் கணக்கே தனி. மரம் என்றால் மரம்தான். சுரங்கத்தில் நின்றால் என்ன, கடலில் மிதந்தால் என்ன. நானும் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

முதலில் இந்தக் கேப்டன் சமாசாரம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு சீமை. மூன்று பக்கமும் கடல், நடுவே வெள்ளீயச் சுரங்கம். அங்கே சுரங்க மேலாளுக்குக் கேப்டன் என்று பட்டம். கப்பலில் கால் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சில சுரங்கங்கள் கரையிலிருந்து கடலுக்கு அடியிலேயே நீண்டு போனவை. புயல் நாட்களில், கடலடிப் பாறைகளை அலை உருட்டுகிற சத்தம் உள்ளே வேலை செய்கிறவனுக்குத் தலைக்கு மேல் கேட்குமாம். அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த ஆட்களைத்தான் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். சமுத்திரத்துக்கு அடியில் தோண்டியவனுக்குச் சமுத்திரமே இல்லாத ஊர் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அதற்கு முந்தைய கதையும் இருக்கிறது. 1802-ல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், திப்பு செத்துப்போன மைசூரின் எல்லையை அளந்துகொண்டே இந்தப் பக்கம் வந்தார். மண்ணில் தங்கம் இருக்கிறதாமே என்று காதில் விழுந்தது. காட்டுகிறவனுக்குப் பரிசு என்று சொல்லிவைத்தார். ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். அடியில் பொன் துகள் மின்னியது. அவர் அதை அறிக்கையாக எழுதிவைத்துவிட்டுப் பிற்பாடு மெட்ராஸ் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்கப் போய்விட்டார். பூமிக்குள் இருப்பதைக் காட்டினால் ஆகாயத்தைப் பார்க்கப் போகிற மனுஷன்.

கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்து மைக்கேல் லாவெல் வந்தார். ஐரிஷ்காரர், நியூசிலாந்துச் சண்டையில் சிப்பாயாக இருந்துவிட்டுப் பெங்களூரில் ஓய்வெடுத்தவர். நியூசிலாந்தில் தங்கம் தோண்டுவதைப் பார்த்த கண். அந்த நாட்டிலும் கோரமண்டல் என்று ஓர் இடம் உண்டு. 1820-ல் பாய்மரத்துக்கு மரம் வெட்டப் போன 'கோரமண்டல்' என்கிற ஆங்கிலக் கப்பலின் பெயர் அது. 1852-ல் அங்கே தங்கம் கிடைத்தது. எங்கள் கடற்கரையின் பெயர் கப்பலேறிப் போய், மரம் வெட்டி, தங்கமும் பார்த்துவிட்டது. எங்கள் ஆட்கள் வட ஆற்காட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

லாவெல் 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்கு வந்தார், உரிமம் வாங்கினார், பிறகு கைமாற்றிவிட்டார். பெங்களூரில் அவர் பெயரில் பெரிய ரோடு இருக்கிறது. அங்கே கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவும் தங்கம்தான். 1880-ல் லண்டனில் கம்பெனி முளைத்தது. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் கோலாரைப் படத்திலும் பார்த்ததில்லை. மூன்று வருஷம் தோண்டியும் கல்தான் வந்தது. இழுத்து மூடிவிடலாம் என்று கூப்பாடு. ஜான் டெய்லர் கம்பெனி, மிச்சமிருந்த பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று பிளம்மர் என்கிற கேப்டனை அனுப்பியது. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்றுதான்: நம் முன்னோர் தோண்டிப் போட்ட பழைய குழிகளைப் பார்த்து, அதற்குக் கீழே இறங்கினார். சாம்பியன் ரீஃப் என்கிற தங்க நரம்பு அகப்பட்டது. ஏற்கெனவே ஒருத்தன் தட்டிப் பார்த்துவிட்டுப் போன இடம். பெயர் மட்டும் பிளம்மருக்கு.

தட்டிப் பார்ப்பது என்றதும் மருமகனின் தாத்தா, அதாவது என் அப்பா, வந்துவிடுகிறார்.

அவருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் கேஜில் இறங்கி லெவலில் கால் வைத்ததும் கையிலிருக்கிற கம்பியால் மேல்கூரையை ஒரு தட்டு தட்டுவார். 'டங்' என்றால் உள்ளே போகலாம். 'டொப்' என்றால் பாறை தாய்க்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது, நகர்ந்துகொள். அப்புறம் முட்டுக்கொடுத்த மரத்தின் மேல் காதை வைப்பார். மரம் பேசும் என்பார். கனம் ஏறினால் முதலில் முனகும், அப்புறம் கத்தும். மரம் மௌனமாகிவிட்டால்தான் பயம். எங்கள் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிப்பது. மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் குலுங்கும். உடனே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். யார் வீட்டுக்காரர் என்று தெரியும் வரை ஊரில் அடுப்பு எரியாது.

அவர் இறங்கிய ஆழம் சாமானியம் இல்லை. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3,200 மீட்டர் வரை போனது. வங்காள விரிகுடாவின் சராசரி ஆழமே 2,600 மீட்டர்தான். ஊரே கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் இருப்பதால், அந்த உயரத்தைக் கழித்தாலும், எங்கள் ஆட்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டி நின்று பீடிக்கு ஏங்கியிருக்கிறார்கள். அறுபது டிகிரிக்கு மேல் சுடுகிற பாறை நடுவில். கடல் பார்க்காதவர்கள் என்று எங்களை இளக்காரம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

சரி, மருமகனின் படகுக்கு வருவோம்.

வீடியோவில் காட்டினான். வெள்ளையாக, வழவழவென்று, கல்யாண மண்டபத்துக் கேக் மாதிரி இருந்தது. மூன்று பெட்ரூம். மூன்று கக்கூஸ். இரண்டு பேர் போவதற்கு எதற்கடா மூன்று என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் லைனில் மூங்கில் தட்டி வீடுகள் வரிசையாக நிற்கும். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுக் கக்கூஸ். காலை ஷிப்டுக்கு முன்னால் அங்கே நின்ற வரிசையைப் பார்த்திருந்தால் லண்டன் பங்குச் சந்தையே வெட்கப்பட்டிருக்கும்.

"இது ப்ரொடக்ஷன் போட் மாமா. ஃபேக்டரியில அச்சுல ஊத்தி எடுக்கறது. நூத்துக்கணக்குல பண்ணுவாங்க."

அதாவது இட்லி. கண்ணாடி இழையையும் பிசினையும் அச்சில் படியவைத்து உடம்பை ஒரு தட்டில், மேல்தளத்தை இன்னொரு தட்டில் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுவார்கள். அடியில் இரும்பாலோ ஈயத்தாலோ ஆன கீலைத் தனியாகக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். உள்ளே அழகுக்கும் பலத்துக்கும் சேர்த்து ஒரு உள்தட்டை ஒட்டிவிடுவார்கள். இட்லியில் தப்பில்லை. விலை குறைவு, ஒரே மாதிரி வேகும், உதிரிச் சாமான் கிடைக்கும். ஆனால் ஒரு பாறையில் மோதி எழுந்த படகுக்குள் என்ன விரிந்திருக்கிறது என்று அந்த உள்தட்டு காட்டாது. 2014-ல் அட்லாண்டிக் நடுவில் 'சீக்கி ரஃபிக்கி' என்கிற நாற்பதடிப் படகின் கீல் கழன்று போனது. நாலு பேர் திரும்பவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் வேடிக்கை பேசுவதாயில்லை என்று அவனிடம் சொன்னேன்.

"ஆனா இது கேட்டகிரி ஏ மாமா! ஓஷன்!" என்று சான்றிதழைக் காட்டினான்.

வாசிக்கச் சொன்னேன். ஐரோப்பியச் சட்டப்படி, பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேல் காற்றும், நாலு மீட்டருக்கு மேல் அலையும் தாங்கும்படி வடிவமைத்தது. அசாதாரண நிலைமைகள் நீங்கலாக. அந்தக் கடைசி வாலைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் "பையன் தங்கம், கோபம் வராத வரைக்கும்" என்பார்களே, அது மாதிரி. இது படகு பிறந்தபோது எழுதிய ஜாதகம். பத்து வருஷம் வாடகைக்கு ஓடி, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புதுக் கேப்டன் ஜெட்டியில் இடித்த பிறகு அதன் கதி என்ன என்று அதில் இருக்காது.

பெரிய படகின் கஷ்டம் சௌகரியத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கூடம் விசாலமாக இருக்கிறதே என்று பெருமைப்பட்டான். துறையில் கட்டிவைத்திருக்கும்போது விசாலம்தான். படகு ஒருக்களித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பறந்து போக அதே விசாலம் வழிவிடும். கைபிடிக்க எங்கே கம்பி? அகலக் கட்டிலில் ஆடாமல் எப்படிப் படுப்பாய்? அடிப்பாகம் தட்டையாக இருந்தால் உள்ளே வந்த ஒரு குடம் தண்ணீர் ஒரு மூலையில் தேங்காமல் வீடெல்லாம் உலாவும். சுக்கான் வெறுமனே தொங்குகிறதா, முன்னால் தடுப்பு இருக்கிறதா? குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு? அம்பதடிப் படகின் பெரிய பாயைக் காற்று எகிறும்போது இருட்டில் ஒற்றை ஆளாகச் சுருக்க உன் பெண்டாட்டியால் முடியுமா? அவன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதையெல்லாம் நான் ராத்திரியெல்லாம் முழித்துப் படித்தேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. சுரங்க ஞானம் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம் அவனுக்கு அன்னபூரணி கதையைச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, இலங்கையின் உச்சந்தலையில், வல்வெட்டித்துறை. அங்கே கப்பல் கட்டுவது வீட்டு வேலை மாதிரி. கரை மணலில் ஏரா என்கிற அடிமரத்தை வைத்து, ஓடாவிகள் என்கிற கப்பல் தச்சர்கள் கண் அளவில் பலகை அறுத்து, இடுக்குகளில் கலப்பற்று அடைத்து, முத்துமாரியம்மனைக் கும்பிட்டுத் தள்ளிவிடுவார்கள். காகிதத்தில் வரைபடம் எல்லாம் கிடையாது; மேஸ்திரி மண்டைக்குள் இருக்கும். நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் அரிசியும் ஓடும் மரமும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள். அந்தக் காலத்து ப்ரொடக்ஷன் போட் அதுதான்: ஒன்று மாதிரி இன்னொன்று, ஆனால் அச்சு மட்டும் மனுஷன் கையில். அப்படி 1930 வாக்கில் கட்டியது அன்னபூரணி. வேப்பமரம். 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம்.

இதை வாங்க வந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், அமெரிக்கர். 1928-ல் கிளம்பி 1931-க்குள் 32 அடிப் படகில் உலகைச் சுற்றி முடித்தவர். அந்தப் படகுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்வாப்'. கனவு என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். 1934-ல் கலாபகஸ் தீவில் குடல்வால் வெடித்து, பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படையே அவரைக் காப்பாற்ற வந்தது. அரசாங்கச் செலவில் வயிற்றைத் தைத்துக்கொண்டவர், மறுபடியும் கடலுக்கே வந்தார். எதையும் தாங்கும் வயிறு.

அவர் எப்படிக் கப்பலைச் சோதித்தார் என்று கூட இருந்து பார்த்தவன் நான் இல்லை. ஆனால் என் மனசில் ஒரு காட்சி ஓடுகிறது. துரை நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவுமாக முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரைக்கும் நடக்கிறார். பின்னாலேயே தண்டையல், அதாவது கப்பலோட்டி, வெற்றிலை மென்றபடி. துரை பேனாக்கத்தியால் ஒரு பலகையைக் குத்திப் பார்க்கிறார். வேம்பு கத்தியைத் திருப்பி அனுப்புகிறது. கரையான் தின்ன யோசிக்கிற மரம், கத்திக்கா மசியும்? அப்புறம் கைமுட்டியால் தட்டுகிறார். 'டங்'. தண்டையல் துப்பிவிட்டுச் சிரிக்கிறார். பேரம் முடிந்தது. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொல்லுகிறவர்கள் வந்து சொல்லட்டும்.

வாங்கியதும் துரை முதல் காரியமாகப் பெயரை மாற்றினார். சோறு போடுகிற அம்மன் பெயரை எடுத்துவிட்டுத் தன் மனைவியின் பெயரை வைத்தார்: ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன். அந்த அம்மாள், குழாயும் வால்வும் குளியலறைச் சாமானும் செய்து கோடீஸ்வரரான கிரேன் குடும்பத்துப் பெண். அன்னம் போடுகிறவள் இறங்கி, அது செரித்த பிறகு ஆக வேண்டியதைக் கவனிக்கிற வம்சம் ஏறியது. கப்பலுக்கு ஜீரண மண்டலம் முழுமையாகிவிட்டது.

1937-ல் புறப்பட்டது. ஓட்டியவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையலும் அவருடைய ஆட்களும். சோழகக் காற்றையும் வாடைக் காற்றையும் நாள்காட்டி மாதிரி படித்தவர்கள், பேர் தெரியாத காற்றுகளுக்குள் போனார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அப்புறம் அட்லாண்டிக். பர்மா அரிசிக்காகக் கட்டின வேப்பமரக் கப்பல் 1938 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. குளோஸ்டர்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பலில் மீன் பிடிக்கிறவர்கள். எந்தக் கப்பலையும் பார்த்து வாய் பிளக்கிற ஜனங்கள் இல்லை. இதைப் பார்க்க வந்தார்கள். கேட்டகிரி ஏ என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"அப்போ மரக்கப்பல்தான் நல்லதா மாமா?" என்றான் மருமகன், இதுதான் நீதி என்று நினைத்து.

அப்படிச் சொல்லவில்லை. ஃபேக்டரிப் படகில் உலகைச் சுற்றியவர்கள் நம்மிடையேயே இருக்கிறார்கள். நம் ராணுவத்தின் பொறியியல் படை அதிகாரிகள் 1985 செப்டம்பரில் பம்பாயிலிருந்து 'திரிஷ்ணா'வில் கிளம்பினார்கள். பின்லாந்தில் கட்டிய 37 அடிப் படகு, பழசு, இங்கிலாந்தில் வாங்கியது. அவர்கள் சோதித்த விதம்தான் எனக்குப் பிடித்தது: வாங்கின இடத்திலிருந்து பம்பாய் வரைக்கும் அதையே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1987 ஜனவரி 10-ல் உலகைச் சுற்றி முடித்துப் பம்பாயில் இறங்கினார்கள். தபால் தலை போட்டார்கள். அந்தப் படகு இவனுடையதைவிடப் பதிமூன்று அடி குறைவு; கக்கூஸ் எத்தனை என்று நான் விசாரிக்கவில்லை.

"நீ என்ன பண்றேன்னா," என்றேன், "ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடி. கைப்பிடியால தட்டு. போனைப் பக்கத்துல வை."

படகைக் கரையேற்றி மரக்கட்டையில் நிறுத்தியிருந்தார்கள். அவன் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். டங், டங், டங். எனக்கு அப்பா ஞாபகம் வந்து கண் கலங்கியது; போன் படகோரம் இருந்தது, அவனுக்குத் தெரிந்திருக்காது. கீலுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வந்தபோது, 'டொப்'.

"இன்னொரு தடவை தட்டு."

டொப்.

அவன் ஒன்றும் பேசவில்லை. விற்க வந்தவர் ஏதோ இங்கிலீஷில் வேகமாகச் சொல்வது கேட்டது. "டேய், அங்கே ஒரு சர்வேயரைக் கூப்பிடு," என்றேன். "அவனும் இதே மாதிரி சின்னச் சுத்தியல் வெச்சுக்கிட்டுத்தான் வருவான். காசு வாங்கிக்கிட்டுத் தட்டுவான். விற்கிறவர் சிபாரிசு பண்ற ஆள் வேணாம், நீயே தேடிப் பிடி. அவன் தட்டின அப்புறம் பேரம் பேசு. அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே."

சர்வேயர் வந்தார், தட்டினார், அதே இடத்தில் நின்றார். படகு எப்போதோ தரை தட்டியிருக்கிறது. உள்தட்டு ஒட்டு விட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அக்காவிடம் சொன்னேன். "அப்பா இருந்திருந்தா போன் இல்லாமலே கேட்டிருப்பார்," என்றாள். எங்கள் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அதை மதிப்பிட வந்த கமிட்டிகளில் யாராவது கூரையைத் தட்டிப் பார்த்தார்களா என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம்.

மருமகன் இப்போது 42 அடியில் ஒன்று பார்க்கிறான். இரண்டு கக்கூஸ்தான். பழசு, ஆனால் கீல் உடம்போடு சேர்ந்தே வார்த்தது. முழுக்கத் தட்டிவிட்டானாம், எல்லா இடத்திலும் டங் என்கிறதாம். முதல் பயணத்துக்கு என்னையும் கூப்பிடுகிறான். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து பாலாறு வழியாகவே நான் கடலுக்கு வந்துவிடலாமே என்று கிண்டல் வேறு. ஆறு கடலில் சேர்வது உண்மைதான், வயலூர் பக்கம். ஆனால் அதில் தண்ணீர் ஓடுகிற வருஷத்துக்கு நான் காத்திருந்தால் அவன் மூன்று முறை உலகைச் சுற்றிவிடுவான். ரயில்தான் சரி. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, கோரமண்டலைத் தாண்டி, கடலுக்குப் போகிறவர்கள் பங்காரப்பேட்டையில் இறங்கி மெட்ராஸ் வண்டிக்கு மாற வேண்டும்.